முகாம் மேசை போடும் முன்: பல்கலைக்கழகப் பொதுச் சுகாதார மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு களக் கையேடு

பல்கலைக்கழகப் பொதுச் சுகாதார மையத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே இரண்டு விதமான வேலை கைக்கு வந்துவிடும். ஒன்று ஆய்வு: வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, அளந்து, பதிந்துகொண்டு வருவது. மற்றொன்று தடுப்புச் சேவை: மக்கள் கூடும் இடத்தில் முகாம் போட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்புவது. இரண்டுக்கும் அதே பை, அதே கருவி, அதே அடையாள அட்டை. புதியவர்களின் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. இரத்த அழுத்தப் பரிசோதனையை எடுத்துக்காட்டாக வைத்து, இரண்டையும் கலக்காமல் செய்யும் முறையை வரிசையாகப் பார்ப்போம். நீரிழிவு, புகையிலை என்று பொருள் மாறினாலும் வரிசை பெரிதாக மாறாது.

இன்று போவது ஆய்வுக்கா, சேவைக்கா?

கிளம்பும் முன் ஒரே வரியில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். சேவை என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இன்று என்ன நன்மை என்பதுதான் அளவுகோல். ஆய்வு என்றால், அவரிடமிருந்து கிடைக்கும் தகவல் பிறகு எல்லோருக்கும் பொதுவான ஒரு முடிவுக்குப் பயன்படும். அவருக்கு நேரடி நன்மை இல்லாமலும் போகலாம். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

இதை ஏதோ தாள் வேலை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 600 கறுப்பின ஆண்களை அரசுச் சுகாதாரத் துறை பல ஆண்டுகள் கண்காணித்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய் இருந்தது. ‘கெட்ட இரத்தத்துக்குச் சிகிச்சை’ என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 1940களில் அந்த நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆய்வுக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாமல், வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். அந்த விவகாரத்தின் தொடர்ச்சியாக 1979இல் வெளியான, மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுத்த பெல்மாண்ட் அறிக்கை, மருத்துவ நடைமுறைக்கும் ஆய்வுக்கும் நடுவே எல்லைக்கோடு போடுவதில்தான் தொடங்குகிறது.

நடைமுறையில் இதன் பொருள்: முகாமில் சேர்ந்த பதிவுகளை ‘பிறகு ஒரு கட்டுரை எழுதிக்கொள்ளலாம்’ என்று எடுத்து வைக்க முடியாது. ஆய்வுக்கு வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், பதிவு பிறகு. அனுமதிக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும் என்று நாட்காட்டியில் இடம் விட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றினாலும் திருத்த அனுமதி வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. முகாமுக்கு வருபவர்கள் ஊர் மக்களின் சரியான மாதிரி ஆக மாட்டார்கள். வேலைநாள் காலையில் முகாம் போட்டால் முதியவர்களும் வீட்டில் இருப்பவர்களும் வருவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் ‘இன்னொரு தடவை பார்த்துக்கொள்வோம்’ என்று முதல் ஆளாக வரிசையில் நிற்பார். அந்தக் கூட்டத்தில் 40 சதவீதம் பேருக்கு அழுத்தம் அதிகம் என்றால், ஊரில் 40 சதவீதம் என்று அர்த்தமாகாது. ஊர்க் கணக்கு வேண்டுமானால் முறைப்படி வீடுகளைத் தேர்ந்தெடுத்த ஆய்வுதான் வழி.

வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

கருவி வாங்குவதற்கு முன், தட்டி கட்டுவதற்கு முன், ஒரு கேள்வி: அழுத்தம் அதிகம் என்று தெரிந்தவர் அடுத்து எங்கே போவார்? இதற்குப் பதில் இல்லாத முகாமை நடத்தாமலிருப்பதே நல்லது. ஒருவரிடம் ‘உங்களுக்குப் பிரச்சினை இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டு வழி காட்டாமல் விட்டால், அவருக்கு மிஞ்சுவது கவலை மட்டும்தான்.

எத்தனை பேர் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 மதிப்பீட்டின்படி, 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்த வயதினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு பேரைப் பார்த்தால் முப்பது பேரையாவது எங்கோ அனுப்ப வேண்டிவரும். ஆகவே அருகிலுள்ள மருத்துவமனையிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திடமோ மூன்று விஷயங்களை முன்பே பேசி எழுத்தில் வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஏற்பார்கள், எந்த நாட்களில், நம் சீட்டைக் கொண்டுபோனால் யாரைப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பத்துப் பேர்தான் முடியும் என்றால் உங்கள் முகாமின் அளவும் அதற்கேற்பச் சுருங்க வேண்டும்; அல்லது சீட்டில் தேதி போட்டுப் பிரித்து அனுப்ப வேண்டும்.

பரிந்துரைச் சீட்டில் இருக்க வேண்டியவை: பெயர், வயது, தேதி, எடுத்த எல்லா அளவுகளும் (சராசரி மட்டும் எழுதினால் மருத்துவர் நம்பமாட்டார்), எந்தக் கை, ஏற்கெனவே சாப்பிடும் மருந்து, போக வேண்டிய இடம், நாள். அடியில் கிழித்துக் கொடுக்கும் துண்டு ஒன்று. அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தத் துண்டு உங்களிடம் திரும்ப வேண்டும். வீடுவீடான ஆய்விலும் இதே சீட்டு பையில் இருக்க வேண்டும். ‘நாங்கள் ஆய்வுக்கு மட்டும்தான் வந்தோம்’ என்று 190 காட்டிய கருவியை மூடிவிட்டு வர முடியாது.

கூட்டம் வருகிறதே, இன்னும் நாலு சோதனை சேர்க்கலாமா?

இந்த ஆசை எல்லா மையங்களிலும் வரும். ஒரு நோயைத் தேடிப் பார்க்கலாமா கூடாதா என்பதற்கு வில்சன், யங்னர் ஆகிய இருவர் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வகுத்த நிபந்தனைகள் இன்றும் நிற்கின்றன: நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அறிகுறி தெரியாத ஆரம்பக் கட்டம் இருக்க வேண்டும், தகுந்த சோதனை இருக்க வேண்டும், கண்டுபிடித்தால் ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், சிகிச்சைக்கு வசதியும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் இவற்றில் தேறிவிடும். பல சோதனைகள் தேறாது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. நூற்றில் ஒருவருக்கு இருக்கும் நோய். சோதனை, நோயாளிகளில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கும். நலமானவர்களில் 90 சதவீதத்தினரை நலம் என்று சரியாகச் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேரைப் பாருங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நலமான 990 பேரில் 99 பேரையும் அது நோயாளி என்று காட்டும். ஆக 108 பேரை மிரட்டி அனுப்பினால், உண்மையில் நோய் இருப்பது 9 பேருக்கு. மேலும் சோதிக்க எவரும் இல்லாத இடத்தில் இது சேவைக் கணக்கில் வராது.

மக்களிடம் போவது

சமூகத்தின் பெரியவர்கள், பெண்கள் குழுக்கள், அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோரை முகாமுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பாருங்கள். இடம், நேரம், ஆண்களும் பெண்களும் தனித்தனியே மறைவாக அமர வசதி ஆகிய மூன்றையும் அவர்களே முடிவு செய்யட்டும். நாமே முடிவு செய்துவிட்டு ‘ஒத்துழைப்புக் கொடுங்கள்’ என்று கேட்பது வேறு, அது மக்களுக்கு உடனே புரிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றால் மாலையோ விடுமுறை நாளோ வைக்க வேண்டும். உங்கள் அலுவலக நேரத்துக்குள் அவர்கள் வர மாட்டார்கள்.

ஆய்வு என்றால்: எத்தனை பேர், யார் யார்

ஒரு நோய் எத்தனை சதவீதம் என்று கண்டறிய, எவ்வளவு இருக்கும் என்றே தெரியாத நிலையில் 50 சதவீதம் என்று வைத்து, பிழை வரம்பு 5 சதவீதப் புள்ளி, நம்பிக்கை 95 சதவீதம் என்று எடுத்தால் சூத்திரம் 385 பேர் என்று சொல்லும். புதியவர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த எண் ஊர் முழுவதும் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தால் மட்டுமே பொருந்தும். நாம் அப்படி எடுப்பதில்லை. சில தெருக்களையோ கிராமங்களையோ கொத்தாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சிலரைப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டார் ஒரே மாதிரி வாழ்பவர்கள். இருபது பேரைப் பார்த்தாலும் இருபது புதிய செய்திகள் கிடைப்பதில்லை. அதற்கான ஈடுதான் வடிவமைப்பு விளைவு: 1 + (கொத்துக்கு எத்தனை பேர் − 1) × கொத்துக்குள் உள்ள ஒற்றுமை. கொத்துக்கு 20 பேர், ஒற்றுமை 0.05 என்றால் 1.95. கொத்துக்கு 40 பேர் என்று வைத்தால் 2.95. பயணச் செலவை மிச்சம் பிடிக்கக் குறைந்த ஊர்களில் அதிகம் பேரைப் பார்ப்பது ஏன் கணக்கில் நட்டம் என்பது இதில் தெரிந்துவிடும்.

விளைவு 2 என்று வைத்தால் 385 × 2 = 770. பத்து சதவீதம் பேர் கிடைக்க மாட்டார்கள் என்று எதிர்பார்த்தால் 770ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 856. (1.1ஆல் பெருக்கி 847 என்று எழுதுபவர்கள் ஏராளம். 847 பேரில் பத்து சதவீதம் போனால் 762தான் மிஞ்சும்.) ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சதவீதம் இதே துல்லியத்தில் வேண்டுமென்றால் இரட்டிப்பு.

வீட்டுக்குள் யாரைப் பார்ப்பது என்பதையும் களப்பணியாளரின் விருப்பத்துக்கு விடக்கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரையும் பட்டியலிட்டு, கிஷ் அட்டவணை (வீட்டில் யாரைப் பார்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் சொல்லும் அட்டவணை) வழியாகவோ கைக்கணினி தரும் எண் வழியாகவோ ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வெளியே போயிருந்தால் வேறு நாளில், வேறு வேளையில், மொத்தம் மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டும். ஒரு முறையாவது மாலையாகவோ விடுமுறை நாளாகவோ இருக்கட்டும். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்பது கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு வேலைக்குப் போகிறவர்களின் வீடு. அவர்களை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்களை இரண்டு மடங்கு எண்ணியதாகிவிடும்.

ஒப்புதல் வாங்குவது

தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. அவர் பேசும் மொழியில், நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். எதற்காக, எவ்வளவு நேரம், என்ன செய்வோம், தகவல் யாரிடம் இருக்கும், வேண்டாம் என்றால் என்ன ஆகும். வாசித்த பிறகு அவரைத் திருப்பிக் கேளுங்கள்: “பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்?” “சொன்னால் ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்களோ?” என்று பதில் வந்தால் அவருக்கு இன்னும் புரியவில்லை, மறுபடி விளக்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் கைரேகையோடு உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் கையொப்பமும் வேண்டும். ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர் சம்மதித்தார் என்பதற்காக மருமகளிடம் கேட்காமல் விடக்கூடாது.

கேள்வித்தாள்

“உங்களுக்கு பி.பி. இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். “எல்லோருக்கும் இருக்கத்தானே செய்யும்” என்பார் ஒருவர். மாத்திரையால் அழுத்தம் சரியாகிவிட்டவர் “இல்லை” என்பார். கேட்க வேண்டியது இப்படி: “உங்கள் இரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று மருத்துவரோ செவிலியரோ எப்போதாவது சொன்னதுண்டா?” அடுத்தது: “கடந்த இரண்டு வாரங்களில் அதற்காக மருந்து எடுத்துக்கொண்டீர்களா?” ஒரு கேள்விக்குள் இரண்டைத் திணிக்காதீர்கள். “புகை, மது பழக்கம் உண்டா?” என்பதற்கு ‘ஆம்’ என்ற பதிலை எதில் சேர்ப்பீர்கள்?

வேற்று மொழிப் படிவத்தை மொழிபெயர்த்தால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூல மொழிக்கு மாற்றட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு மாதிரியில் சேராத 20, 30 பேரிடம் முன்னோட்டம். கேள்வியைக் கேட்ட பின், “இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்பதுதான் முன்னோட்டத்தின் உயிர்.

‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’ இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். காலியாக விடவும் வேண்டாம், சுழியம் போடவும் வேண்டாம். குறியீடு உண்மையான பதிலாக வரக்கூடிய எண்ணாகவும் இருக்கக்கூடாது. வயதுக்கு 99 என்று வைத்துவிட்டு, கடைசியில் அதை நீக்க மறந்து சராசரி எடுத்தவர்கள் உண்டு.

இரத்த அழுத்தம் அளப்பது

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. பார்க்க எளிதாக இருப்பதால்தான் அதிகம் கெடுகிறது.

கருவி: மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி, துல்லியம் சரிபார்க்கப்பட்டது என்று வெளியிடப்பட்ட பட்டியல்களில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். கைப்பட்டை குறைந்தது மூன்று அளவுகளில் வேண்டும். பொதுவாகச் சிறியது 22 முதல் 26 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு, நடுத்தரம் 27 முதல் 34, பெரியது 35 முதல் 44. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பட்டையிலேயே அச்சிட்டுள்ள எல்லையைப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். மாற்று பேட்டரி, அளவு நாடா, முதுகு சாயும் நாற்காலி, கை வைக்க மேசை, பட்டையைத் துடைக்கக் கிருமிநாசினி. ஆண்டுக்கு ஒரு முறையாவது தரப்படுத்திய அழுத்தமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; 3 மி.மீ. பாதரசத்துக்கு மேல் வேறுபட்டால் களத்துக்கு எடுத்துப் போக வேண்டாம்.

அளக்கும் வரிசை:

1. கடந்த அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகை, கடும் உழைப்பு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் காத்திருக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் படிவத்தில் குறியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

2. கேள்விகள் எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். இதன் பிறகு பேச்சு கிடையாது.

3. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கைபேசியும் பார்க்கக்கூடாது.

4. நாடாவால் மேற்கையின் நடுப்பகுதியை அளந்து பட்டையைத் தேர்ந்தெடுங்கள். கண்மதிப்பில் எடுக்க வேண்டாம். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே இறுக்கும். கழற்றுவதோ தளர்த்துவதோ நல்லது.

5. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை மேசையில் தளர்வாக, பட்டையின் நடு நெஞ்சின் உயரத்தில். டயாலிசிஸ் இணைப்பு உள்ள கையிலும், அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பக்கத்துக் கையிலும் அளக்கக்கூடாது.

6. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை. மூன்றையும் எழுதுங்கள். கடைசி இரண்டின் சராசரிதான் கணக்கு; முதலாவது பெரும்பாலும் பதற்றத்தில் ஏறியிருக்கும்.

7. கருவி ‘பிழை’ என்று காட்டினாலோ நாடித் துடிப்பு ஒழுங்கற்றதாகக் குறி காட்டினாலோ, அசைந்தாரா என்று பாருங்கள். மறுபடியும் வந்தால் பயிற்சி பெற்றவர் கையால் அளக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதே மருத்துவரிடம் அனுப்பக் காரணம்.

எது எவ்வளவு கெடுக்கும்? கை நெஞ்சுக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் அளவு 7, 8 மி.மீ. கூடும். இது வெறும் திரவ அழுத்தம், எவருக்கும் விலக்கில்லை. பேசினாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் 10 வரை ஏறலாம். பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு நடுத்தரப் பட்டையைக் கட்டினால் மேல் அழுத்தம் சராசரியாக 5 கூடுதலாகவும், மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு ஏறத்தாழ 20 கூடுதலாகவும் காட்டியதாக 2023இல் வெளியான ஒரு சோதனை சொல்கிறது. 128 உள்ள பருமனான ஒருவர் நம் பட்டையால் 148 ஆகி, வாழ்நாள் மாத்திரைக்குள் போய்விடலாம். பெரிய பட்டை ‘ஸ்டாக் இல்லை’ என்பது சின்ன விஷயமில்லை.

ஓய்வும் மூன்று அளவுகளும் சேர்ந்து ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அளக்கும் நாற்காலி மட்டும் ஆறு நிமிடம் பிடிக்கும் என்று வைத்தால், ஒரு கருவிக்கு மணிக்குப் பத்துப் பேர். இரண்டு கருவி, நான்கு மணி நேரம்: எண்பது பேர். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் இரண்டு ஓய்வு நாற்காலி போட்டால் ஓட்டம் தடைபடாது. இருநூறு பேர் வந்து நின்றால் முதலில் பலியாவது அந்த ஐந்து நிமிட ஓய்வு. ஓய்வு போனால் அளவு ஏறும். அளவு ஏறினால் சீட்டு பெருகும். மருத்துவமனையில் போய்ச் சாதாரணமாக இருந்தால் மருத்துவர் அடுத்த முறை உங்கள் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். எண்பதுக்கு மேல் டோக்கன் கொடுத்து இன்னொரு நாள் வரச் சொல்வதுதான் சரி.

எண்ணைச் சொல்வது எப்படி

எந்த வரம்பை வைத்துச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முன்பே எழுதி வையுங்கள். 2017இன் அமெரிக்க வழிகாட்டுதல் 130/80ஐயே உயர் அழுத்தம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், நோய் உறுதியானவருக்கு மருந்து தொடங்க 140/90ஐ வைக்கிறது. உங்கள் நாட்டு வழிகாட்டுதல் எதுவோ அதைப் பின்பற்றுங்கள். கீழே 140/90ஐ வைத்துச் சொல்வோம்.

அதற்குக் கீழ் என்றால்: “இன்றைக்கு அளவு சரியாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.” ‘உங்களுக்கு ஒன்றுமே இல்லை’ என்று சொல்லாதீர்கள், நீங்கள் பார்த்தது இரத்த அழுத்தம் மட்டும்தான்.

140/90 அல்லது மேலே: “இன்றைய அளவு அதிகம். ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று முடிவு செய்ய முடியாது. இந்த இடத்தில், இந்தத் தேதியில் மறுபடி பார்த்து மருத்துவர் சொல்வார்.” மேல் எண், கீழ் எண் எது கூடினாலும் அனுப்ப வேண்டும்.

மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தொட்டால் ஐந்து நிமிடம் அமரச் செய்து மறுபடி அளக்கவும். அப்போதும் அப்படியே என்றால் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி உண்டா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். எதுவும் இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேசி, அவர் சொல்லும் நேரத்தில் அனுப்புங்கள். கர்ப்பிணி என்றால் 140/90க்கே அன்றைக்கே மகப்பேறு சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை.

நீங்கள் மாத்திரை கொடுக்க வேண்டாம். சாப்பிடுவதை நிறுத்தவும் சொல்ல வேண்டாம். “அளவு சரியாக இருக்கிறதே, விட்டுவிடலாமா?” என்று கேட்பார்கள். மாத்திரையால்தான் சரியாக இருக்கிறது என்பதை விளக்குங்கள்.

ஆலோசனைக்கு மூன்று நிமிடம் போதும், ஆனால் ஒருவருக்கு ஒரு விஷயம்தான். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை, புகையிலையை விடுவது. மூன்றில் எதை அவர் தொடங்கத் தயார் என்று கேட்டு அதை மட்டும் பேசுங்கள். ஆறு அறிவுரையும் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தால் வாசலுக்கு வெளியே பிரசுரம் கிடக்கும்.

தொடர்வது

சீட்டு கொடுத்த நாளோடு வேலை முடிந்துவிட்டதாகப் பல மையங்கள் நடந்துகொள்கின்றன. ஆண்டறிக்கையில் ‘இத்தனை ஆயிரம் பேருக்குப் பரிசோதனை’ என்ற வரி போதும் என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. எழுத வேண்டியது ஒரு படிக்கட்டு: பார்த்தவர்கள், அளவு கூடியவர்கள், சீட்டு பெற்றவர்கள், மருத்துவரை அடைந்தவர்கள், நோய் உறுதியானவர்கள், சிகிச்சை தொடங்கியவர்கள், ஆறு மாதத்தில் அளவு கட்டுக்குள் வந்தவர்கள். எந்தப் படியில் அதிகம் பேர் உதிர்கிறார்கள் என்று பார்த்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரியும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை. ஒரு வாரத்தில் ஒரு போன், போகவில்லை என்றால் காரணம் கேட்டு எழுதுவது, இரண்டாவது வாரம் இன்னொரு போன். தூரம், கூலி போய்விடும் என்ற பயம், ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்ற எண்ணம் என்று காரணங்கள் கொத்தாக வரும். தூரம்தான் காரணம் என்றால் இன்னொரு பிரசுரம் அடிப்பதில் பயனில்லை.

முகாமே போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். இதய நோய்ச் சாவுகள் மிக அதிகமாக இருந்த பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் தொடங்கிய திட்டம், ஆளாளுக்குப் பரிசோதனை செய்வதோடு நிற்கவில்லை. பெக்கா புஸ்கா தலைமையில், உணவு தயாரிப்பாளர்கள், கடைகள், பெண்கள் அமைப்புகள், பள்ளிகள் என்று எல்லோரையும் சேர்த்து, ஊரே சாப்பிடும் கொழுப்பையும் உப்பையும் மாற்றியது. அடுத்த சில பத்தாண்டுகளில் நடுவயது ஆண்களின் இதய நோய்ச் சாவுகள் பெருமளவு குறைந்தன. உங்கள் முகாமுக்கு வராதவர்களுக்கும் போய்ச் சேரும் தடுப்பு அந்த வகையானது.

தரவு

பெயர் ஒரு கோப்பில், அளவுகள் இன்னொரு கோப்பில், இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். இணைப்புப் பட்டியல் பூட்டிய இடத்தில், இருவருக்கு மட்டும் அனுமதி. குழு வாட்ஸ்அப்பில் படிவத்தின் படம் எடுத்துப் போடுவதுதான் இன்று அதிகம் நடக்கும் ரகசிய மீறல். அதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் அளந்தவரின் எண், கருவியின் எண், பட்டையின் அளவு மூன்றும் இருக்கட்டும். அன்றன்று மாலையே பாருங்கள்: கீழ் அழுத்தம் மேல் அழுத்தத்தைவிட அதிகமாக எழுதியிருக்கிறதா, மூன்று அளவுகளும் ஒரே எண்ணா, நேரப் பதிவில் இரண்டு ஆட்களுக்கு நடுவே மூன்று நிமிடம்தான் இருக்கிறதா. கடைசி இலக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். தானியங்கிக் கருவியில் சுழியத்தில் முடியும் அளவுகள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு களப்பணியாளரிடம் மட்டும் பத்தில் நான்கு என்றால் அவர் தோராயமாக எழுதுகிறார், அல்லது அளக்காமலே எழுதுகிறார். திட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேற்பார்வையாளர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீடுகளுக்கு மறுபடி போய், ஆட்கள் வந்தார்களா, மூன்று முறை அளந்தார்களா என்று கேட்டுவர வேண்டும்.

பகுப்பாய்வில் கொத்துகளையும், எடைகளையும் (ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பு வேறுபடுவதை ஈடுகட்டும் எண்கள்) கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும்போது வடிவமைப்பு விளைவு 2 என்று போட்டுவிட்டு, முடிவு எழுதும்போது எல்லோரையும் தனித்தனி ஆளாகக் கருதினால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கிவிடும்.

முடிவுகள் வந்ததும், கட்டுரை அச்சேறும்வரை காத்திருக்காமல், ஒரு பக்கத் தாளில் எளிய எண்களோடு அதே மக்களிடம் கொண்டுபோங்கள். முன்பு யாரிடம் இடமும் நேரமும் கேட்டீர்களோ அவர்களிடமே முதலில். தனி ஆள் யார் என்று தெரிந்துவிடும் அளவுக்குச் சிறிய தெருவின் எண்களைப் பிரித்துப் போடாதீர்கள். போகும்போது இன்னும் திரும்பாத சீட்டுத் துண்டுகளின் பட்டியலையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.